ஆதாம் பாலத்துத் தீடைகள்: படகேறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஸ்கந்தபுரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆள்காட்டிக் குருவியைத் தெரியும். அக்கராயன் குளம் வற்றிக் கிடக்கும் நாட்களில் குளத்துக்குள் கால் வைத்தால் போதும், தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தத் தொடங்கிவிடும். "கிட்டத்தான் முட்டை கிடக்குது, காலடி பார்த்து நட" என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். கூடு என்று ஒன்றும் இருக்காது. வெறுந்தரையில் கல்லோடு கல்லாகப் புள்ளி போட்ட முட்டைகள் கிடக்கும்.

தலைமன்னாருக்கு அப்பால் கடலில் எழுந்து நிற்கும் மணல் தீடைகளிலும் ஆண்டுதோறும் இதுவே நடக்கிறது. அங்கே முட்டையிடுவது ஆலா எனப்படும் கடற்பறவைகள். தனித்தனி இணைகளாக அல்ல, கூட்டங்கூட்டமாக. அங்கே காலடி பார்த்து நடக்கச் சொல்லப் பெரியவர்கள் யாரும் நிற்பதில்லை.

எங்கே இருக்கின்றன?

ஸ்கந்தபுரத்திலிருந்து மேற்கே சென்று ஏ-32 வீதியைப் பிடித்தால் வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு ஊடாக மன்னாரை அடையலாம். அங்கிருந்து தீவின் மறுமுனை தலைமன்னார். தலைமன்னாருக்கும் இந்தியாவின் தனுஷ்கோடிக்கும் இடையில் சுமார் 30 கிலோமீற்றர் தூரத்துக்கு மணல் தீடைகளும் ஆழமற்ற கடலும் மாறிமாறி வருகின்றன. இராமர் பாலம் என்றும் ஆதாம் பாலம் என்றும் அழைக்கப்படுவது இதுதான். வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா.

இலங்கைப் பக்கத் தீடைகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் அரசு 2015 ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்தது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் தேசியப் பூங்காவுக்குள் நுழைவதும், பறவைகளின் முட்டைகளை எடுப்பதும் அழிப்பதும் 1937 ஆம் ஆண்டின் வனஜீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றங்கள்.

யார் அங்கே குடியிருக்கிறார்கள்?

மஞ்சள் அலகும் கலைந்த கறுப்புக் கொண்டையும் கொண்ட பெரிய கொண்டை ஆலா ஒரு முட்டை மட்டுமே இடும். ஒன்றையொன்று கொத்தும் தூரத்தில் நெருக்கமாக அடைகாக்கும். உருவில் மிகச் சிறியதான சோண்டர்ஸ் ஆலா மணலில் சிறு குழி பறித்து, இடைவெளி விட்டு முட்டையிடும். இன்னொரு வகை ஆலா செடிகளுக்கு அடியில் ஒதுங்கும். பிரவுண் நொடி எனப்படும் கரும்பழுப்பு நிறக் கடற்பறவை இலங்கையில் இனப்பெருக்கம் செய்வது முதன்முதலாகப் பதிவானதும் இந்தத் தீடைகளில்தான்.

மரமில்லாத, நிழலில்லாத இந்த மணலை அவை தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. கடல் சூழ்ந்திருப்பதால் நரியும் நாயும் பூனையும் அங்கு வருவதில்லை. மீன் பக்கத்திலேயே கிடைக்கும்.

காலம்தான் சிக்கல்

இனப்பெருக்கக் காலம் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. சோளகக் காற்று வீசும் காலம் இது.

வடக்குக்கு ஆட்கள் வந்து குவிவதும் இதே மாதங்களில்தான். ஓகஸ்ட் பாடசாலை விடுமுறை, மடு ஆவணித் திருவிழா, நல்லூர்த் திருவிழா, கோடை விடுமுறையில் ஊர் திரும்பும் புலம்பெயர் உறவுகள். எங்களுக்கு வசதியான நாட்கள் எல்லாம் பறவைகளுக்கு ஆபத்தான நாட்கள்.

ஒருவர் இறங்கினால் என்ன நடக்கும்?

முட்டையை மிதிப்பது மட்டும்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். மிதிக்காமல் நின்றாலும் ஆபத்துத்தான்.

ஆட்கள் நெருங்கியதும் தாய், தந்தைப் பறவைகள் எழுந்துவிடும. பகல் வெயிலில் அடைகாத்தல் என்பது சூடு கொடுப்பதல்ல, நிழல் கொடுப்பது. சில ஆலாக்கள் வயிற்றுச் சிறகைக் கடல்நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். எங்கள் ஆள்காட்டியும் குளத்து நீரில் அதையே செய்கிறது. அந்த நிழல் சற்று நேரம் விலகினாலே, கொதிக்கும் மணலில் முட்டைக்குள் இருக்கும் கரு செத்துவிடலாம். முட்டை பார்வைக்கு முழுதாகவே கிடக்கும். வந்தவர் தான் எதையும் சேதப்படுத்தவில்லை என்ற நிம்மதியோடு திரும்பிவிடுவார்.

இடைவெளி கிடைத்தால் காகமும் கடற்காகமும் முட்டையைத் தூக்கிவிடும். பறக்கத் தெரியாத குஞ்சுகள் மிரண்டு ஓடி, பக்கத்துப் பறவைகளிடம் கொத்து வாங்கும், அல்லது தண்ணீரில் இறங்கும். ட்ரோன் கமராவும் இதே கலவரத்தை உண்டாக்கும். விட்டுவரும் சாப்பாட்டு மிச்சம் காகங்களை அழைத்துவரும்.

வேறு இடங்களில் எப்படி?

இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் இனப்பெருக்கக் காலத்திலேயே மக்கள் இறங்குகிறார்கள். பாதையோரம் அடைகாக்கும் ஆலாக்கள் தலையில் கொத்துவதால் தொப்பி போடச் சொல்வார்கள். ஆனால் அங்கே நடைபாதை உண்டு, தீவிலேயே தங்கிக் காவல் செய்யும் பணியாளர்கள் உண்டு. 2022 இல் பறவைக் காய்ச்சல் பரவியபோது தரையிறங்குவது நிறுத்தப்பட்டு, 2024 இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வருமானம் போனாலும் மூடினார்கள்.

எங்கள் தீடைகளில் நடைபாதை போட முடியாது. காற்றும் நீரோட்டமும் மணலை இடம் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. இன்று வெறுமையாகத் தெரியும் இடத்தில் நாளை முட்டை இருக்கும். திருகோணமலையின் புறாத்தீவும் தேசியப் பூங்காதான். அங்கே பவளப்பாறைகள் மிதிபட்ட கதை எல்லோருக்கும் தெரியும்.

அப்படியானால் பார்க்கவே கூடாதா?

பார்க்கலாம்.

• மே முதல் செப்டெம்பர் வரை தீடைகளில் இறங்குவதைத் தவிருங்கள். மற்ற மாதங்களிலும் திணைக்கள அனுமதியை உறுதி செய்த பின்னரே படகேறுங்கள்.

• தலைமன்னார்க் கரையில் தொலைநோக்கியோடு நின்றாலே ஆலாக்கள் மீனுக்குப் பாய்வதைப் பார்க்கலாம்.

• படகில் இருக்கும்போது பறவைகள் கத்திக்கொண்டு எழுந்தால், மிகவும் கிட்டப் போய்விட்டீர்கள் என்று பொருள். உடனே விலகச் சொல்லுங்கள்.

• நவம்பர் முதல் மார்ச் வரை வங்காலைச் சரணாலயத்துக்குச் செல்லலாம். 2010 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. மன்னார்ப் பெருவீதியில் நின்றபடியே வலசைப் பறவைகளைக் காணலாம்.

போரையும் இந்திய இழுவைப் படகுகளையும் தாங்கிய மன்னார்க் கடற்றொழிலாளர்களுக்குச் சுற்றுலா ஒரு கூடுதல் வருமானம். அதைப் பறிக்கச் சொல்வது நியாயமல்ல. தீடையில் இறக்காமல் தூரத்தில் நிறுத்திக் காட்டும் படகுக்கும் அதே கட்டணத்தைக் கொடுக்கப் பயணிகள் தயாராக இருந்தால், படகோட்டி நட்டப்படப் போவதில்லை. மீன் கூட்டம் எங்கே என்று ஆலாவைப் பார்த்து அறியும் தொழிலாளிக்கு, அது இல்லாமல் போவதும் ஒரு நட்டம்தான்.

குளத்தில் ஆள்காட்டி கத்தினால் நாங்கள் விலகி நடப்போம். கடலிலும் அதுவே போதும்.