சாவடி எங்கே?

மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் வீடற்ற ஒருவர் மயங்கி விழுந்தால், அவருக்கு அயலார் யார்? தெருவில் மரிப்போருக்கென 1952இல் அன்னை தெரசா கல்கத்தாவின் காளிகாட்டில் இல்லம் திறந்தார். காவல்துறை நடைமுறைகளுக்குக் காத்திராது உயிரைக் காப்பதே மருத்துவரின் கடமை என 1989இல், பரமானந்த் கட்டாரா வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008 செப்டம்பர் 15 முதல் தமிழகத்தில் 108 ஆம்புலன்சு கட்டணமின்றி ஓடுகிறது.

ஆக, தூக்கிச் செல்ல வழி பிறந்துவிட்டது. ஆயினும் அரசு இராசாசி மருத்துவமனையில் காயம் ஆறியபின் அவர் எங்கே செல்வார்? மீண்டும் அதே நடைமேடைக்கா? நல்ல சமாரியர் காயங்களைக் கட்டியதோடு நின்றாரில்லை. சாவடியில் சேர்த்து, இரு தெனாரியம் கொடுத்து, மேற்செலவையும் ஏற்றார். ஏற்றிச் செல்லும் விலங்கின் பணியை இன்று 108 செய்கிறது. சாவடியாக வேண்டியது நம் பங்குச் சமூகம் அன்றோ?