துண்டுச் சீட்டில் வந்த தீர்ப்பு: சேலம்–நாமக்கல் சமவெளியில் மின்னணு இசையும் அதன் மதிப்பீடும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் கோயில் திருவிழாக்களில் நடந்துவரும் மெல்லிசைக் கச்சேரி, திரைப்பாடல்களை மேடையில் மீண்டும் பாடிக்காட்டும் பொழுதுபோக்கு என்ற அளவிலேயே பேசப்படுகிறது. இசை வரலாற்று நூல்களில் அதற்கு அந்த இடமும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆயினும், முறையான பயிற்சியோ ஒலிப்பதிவுக் கூடமோ இல்லாதவர்கள் மின்னணுக் கருவிகளைக் கையாளக் கற்று, தாங்கள் உண்டாக்கிய ஒலி தேறியதா தேறவில்லையா என்பதை அன்றிரவே அறிந்துகொண்ட களம் இதுதான் என்பதால், இக்கச்சேரியின் கடந்தகாலம் தனியே ஆராயத்தக்கது.

தீர்ப்பின் அளவுகோல் கருவிகளுக்கு முன்பே வந்துவிட்டது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு நேயர் விருப்ப நிகழ்ச்சிகளின் வழியே தமிழகக் கிராமங்கள்வரை பரப்பிய பழக்கம், அதாவது பாடல், படம், விரும்பிக் கேட்போர் பெயர்கள் ஆகியவற்றை அஞ்சலட்டையில் எழுதியனுப்பும் பழக்கம், திருவிழா மேடையில் துண்டுச் சீட்டாக உருமாறியது. நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளிலோ சிகரெட் அட்டையின் உட்புறத்திலோ பாடலின் முதலடியும் கீழே தெரு இளைஞர்களின் பெயர்களும் எழுதப்பட்டு, அச்சீட்டு கைமாறிக் கைமாறி மேடைக்குச் சென்றது. அறிவிப்பாளர் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்த பிறகே பாடல் தொடங்கியது. வானொலியிலும் இசைத்தட்டிலும் கேட்டுப் பழகிய காதுகளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: பாட்டு 'அச்சு அசலாக' இருக்க வேண்டும்.

அக்கார்டியன், பாங்கோ, தபேலா, வயலின் என்று இயங்கிய குழுக்களுக்கு இந்த எதிர்பார்ப்பு 1980களின் நடுப்பகுதிவரை பெரிய இடையூறாக இருக்கவில்லை. கணினி வழியாக ஒலிகளை வரிசைப்படுத்தி இசைக்கும் முறையைத் தமிழ்த் திரையிசைக்குள் கொண்டுவந்த தொடக்ககாலப் படங்களில் ஒன்றாகக் கருதப்படும் 'புன்னகை மன்னன்' (1986) இளையராஜாவின் இசையிலும், சொந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலிகளை அடுக்கடுக்காகக் கட்டிப் பழகிய ஏ. ஆர். ரகுமானின் முதல் தமிழ்ப் படமான 'ரோஜா' 1992இலும் வந்தபோது, பாடலின் அடையாளமாக மெட்டோடு ஒலியின் சாயலும் சேர்ந்துகொண்டது. தபேலாவில் எவ்வளவு தேர்ந்தவரும் தாளப் பெட்டியின் 'டிக்' ஒலியை விரலால் எழுப்பிவிட முடியாது. ரோலண்டு நிறுவனம் 1985இல் வெளியிட்ட ஆக்டோபேட், அதாவது எட்டு ரப்பர்ப் பரப்புகளைக் குச்சியால் தட்டி மின்னணு ஒலிகளை எழுப்பும் கருவி, அதன் பின்வந்த வகைகளோடு மேடைக்கு வந்து 'ரிதம் பேட்' என்ற பெயரில் நிலைத்தது. அதன் அருகே கீபோர்டு ஏறியது.

கீபோர்டு வாசிப்பவரின் உண்மையான உழைப்பு மேடைக்கு முன்பே முடிந்துவிடும். ஒரு பாடலின் இடையிசையை ஒலிநாடாவில் பின்னோக்கி ஓட்டி ஓட்டிக் கேட்டு, அங்கே ஒலிப்பது புல்லாங்குழலா, குழலும் மணியோசையும் கலந்த செயற்கை ஒலியா என்று பிரித்தறிந்து, இரண்டு ஒலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும், பலகையை இரண்டாகப் பிரித்து இடக்கைக்கு பேஸ் ஒலியையும் வலக்கைக்கு மெட்டையும் ஒதுக்கியும், அவர் ஏறக்குறைய ஓர் ஒலியமைப்பாளரின் வேலையைச் செய்தார். அதற்கு முதல் மதிப்பீட்டை மாலையில் நடக்கும் 'சவுண்ட் செக்'கில் மைக்செட்காரர் வழங்கினார். ஊர் ஊராக அதே பாடல்களைப் பல குழுக்கள் வாசிக்கக் கேட்டிருந்த அவரைவிடத் தேர்ந்த ஒப்பீட்டு விமர்சகர் அவ்வட்டாரத்தில் இருந்திருக்க இயலாது. இறுதித் தீர்ப்பு சீட்டில் வந்தது. வாசித்து முடித்த பாடலையே மறுபடி கேட்டு வரும் சீட்டு பாராட்டு; புதுப்பாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய பாடல்களைக் கேட்டுச் சீட்டுகள் குவிந்தால், ஒலி கைகூடவில்லை என்று குழுவினர் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இதே காலத்தில் ஐரோப்பாவில் பதின்ம வயதினர் வேறொரு முறையை வளர்த்துக்கொண்டிருந்தனர். அமிகா கணினிக்காகக் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி 1987இல் உருவாக்கிய 'அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்' என்ற மென்பொருளில், சுரங்கள் மேலிருந்து கீழாக ஓடும் அட்டவணையில் எழுத்துகளாகவும் எண்களாகவும் இடப்பட்டன; நான்கு தடங்களுக்குள் முழு இசையும் அடங்க வேண்டும். பழைய கணினிகளின் ஒலிச்சில்லு எழுப்பும் எளிய ஒலியலைகளைப் போன்றவற்றைக் கொண்டு அமைந்த சிறிய ஆக்கங்களுக்குச் 'சிப்டியூன்', அதாவது சில்லிசை, என்ற பெயர் அச்சூழலில் வழங்கலாயிற்று. இம்மென்பொருளில் உருவான கோப்பில் ஒலியும் அதன் சுரக்குறிப்பும் ஒன்றாகவே இருந்தமையால், கேட்டவர் அதைத் திறந்து எந்தச் சுரம் எங்கே தவறியது என்று கண்ணால் பார்த்தே கருத்துச் சொல்ல முடிந்தது; போட்டிகளில் பார்வையாளர்கள் வாக்களித்தனர். அங்கே மதிப்பிட்டவரும் இசை அமைப்பவரே. நாமக்கல்லில் மதிப்பிட்டவர் நெசவாளர், லாரி ஓட்டுநர், கோழிப்பண்ணைத் தொழிலாளி; எதனால் தேறவில்லை என்பதைச் சீட்டு ஒருபோதும் சொன்னதில்லை.

அன்றிரவே தீர்ப்புக் கிடைத்த இந்த மேடைக்கு நேர்மாறான நிலையும் இந்தியாவிலேயே இருந்தது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் டேவிட் டியூடர் ஒரு மோக் சின்தசைசரை நிறுவ, கீதா சாராபாய் உள்ளிட்ட சிலர் அதில் சொந்த ஆக்கங்களைப் பதிந்தனர். அவை இசைத்தொகுப்பாக வெளிவந்தது 2023இல்தான்.

நாமக்கல்லுக்கே உரிய சில்லிசை ஒன்று உண்டென்றால் அதை லாரியில்தான் தேட வேண்டும். லாரிக்குக் கூடு கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற இந்நகரில், வண்டி பின்னோக்கி நகரும்போது மெட்டொன்றை ஒலிக்கும் 'ரிவர்ஸ் ஹாரன்' எவருக்கும் புதிதன்று. தைவானின் யூ.எம்.சி. நிறுவனம் தயாரித்த யூ.எம்.66 போன்ற மூன்று கால் சில்லுகள், 64 சுரங்கள்வரை கொள்ளும் நினைவகத்தில் பிறந்தநாள் பாட்டையோ பீத்தோவனின் மெட்டையோ பொதிந்துவைத்திருந்தவை, இவ்வகை ஒலிப்பான்களின் இனத்தைச் சேர்ந்தவை. இங்கே விமர்சகர் சட்டம். அடுத்தடுத்து வெவ்வேறு சுரங்களை எழுப்பும் ஹாரன்களை 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆம் விதி தடை செய்கிறது. பல சுரம் எழுப்பும் காற்று ஹாரன்களைப் போக்குவரத்து அலுவலர்கள் சோதனைகளில் கழற்றுவது இவ்விதியின்படியே.

கச்சேரிக்கும் சட்டத்தின் எல்லை வந்தது. ஒலிபெருக்கிகளுக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை தடை விதித்த 2000ஆம் ஆண்டு விதிகளை 2005இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியபின், விடியவிடிய நடக்கும் கச்சேரிக்குச் சட்டத்தில் இடமில்லாமற்போனது. சீட்டுமுறை இவ்வட்டாரத்துக்கு ஒலியின் சாயலை நுட்பமாகப் பிரித்தறியும் காதுகளைத் தந்தது. சொந்த மெட்டைக் கேட்டுச் சொல்ல ஆளைத் தரவில்லை. பாடகருக்குக் கைத்தட்டல் கிடைத்தது, அசலை நகலெடுத்த கீபோர்டுக்காரரின் பெயர் சுவரொட்டியில்கூட அரிதாகவே இடம்பெற்றது. அவர் ஒருநாள் தாமே ஒரு மெட்டு அமைத்து மேடையேற்றியிருந்தால், அதைக் கேட்டு எந்தச் சீட்டும் வந்திருக்காது.