குழல் யாருடையது?

கொல்லிமலைக்கு நாங்கள் போனது ஆய்வுக்காக அல்ல. நாமக்கல் நண்பர் ஒருவர் எங்கிருந்தோ ஒரு மெட்டல் டிடெக்டரோடு வந்திருந்தார். 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, செம்மேட்டுக்கு அப்பால் தெரிந்தவர் ஒருவரின் மரவள்ளிக் காட்டில் அதை ஓட்டினோம். வரப்போரத்தில் கருவி கத்தியது. முழங்கை ஆழத்தில் ஓர் இரும்புக் குழல். ஒரு சாண் நீளம். ஒரு முனை அடைப்பு. உள்ளே இறுகிப்போன மண்.

கால் மணி நேரத்திற்குள் மூன்று வரலாறுகள் பிறந்துவிட்டன. நண்பர், "திப்பு ராக்கெட்" என்றார். காட்டுக்காரரின் மகன், "ஓரி காலத்துச் சாமானுங்க" என்றான். வேடிக்கை பார்க்க வந்த பாட்டி ஒருவர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வேட்டுக் கொழாயி சாமி. எங்க மாமனாரு காலத்துல நோம்பிக்கு இதுலதான் மருந்து கெட்டிச்சு வேட்டுப் போடுவாங்க" என்றார். அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான்.

ஓரியை விட்டுவிடுவது எளிது. அம்புக்குக் குழல் வேண்டாம். அந்தக் காலத்தில் இங்கே வெடிமருந்தும் இல்லை. ஆனால் செம்மேட்டில் சிலையாக நிற்கிற, ஆடி 18இல் அரசு விழா எடுக்கிற ஓர் அரசனின் பெயர் அந்தப் பையனின் வாயில் முதலில் வந்தது தற்செயலல்ல. சிலைகள் நமக்குச் சொற்களைத் தருகின்றன.

திப்பு அவ்வளவு எளிதில் போகவில்லை. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வரை இந்தச் சேலம் வட்டாரம் மைசூரின் கையில்தான் இருந்தது. அடிவாரத்து நாமக்கல் கோட்டையை 1768இல் கும்பினிப் படை பிடித்து, அதே ஆண்டில் ஹைதரிடம் இழந்தது. 1780 செப்டம்பர் 10இல் காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் பெய்லியின் படை நொறுங்கியபோது மருந்து வண்டிகள் வெடித்ததற்கு மைசூர் ராக்கெட்டுகளே காரணம் என்று ஒரு மரபு உண்டு. 1799க்குப் பிறகு அந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்தின் வுல்விச் போய்ச் சேர்ந்தன. அதன்பின் காங்கிரீவ் செய்த ராக்கெட்டுகள் 1807இல் கோபன்ஹேகன் நகரத்தை எரித்தன. நண்பர் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னார். பொய் ஒன்றுமில்லை. ஆனால் இவற்றில் எதுவும் எங்கள் கையிலிருந்த குழலைப் பற்றியதல்ல என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

கர்நாடகத்தின் நகரா (பழைய பிதனூர்) இதற்கு நல்ல பாடம். அங்கே 2002இல் வற்றிய கிணறு ஒன்றிலிருந்து சுமார் 160 இரும்புக் குழல்கள் கிடைத்தன. அவை ராக்கெட்டுகள் என்று அடையாளம் காணச் சில ஆண்டுகள் ஆயின. 2018இல் அதே ஊரில் தொல்லியல் துறை முறையாகத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன. கிணற்றுச் சேற்றில் வெடிமருந்து வாடை இருந்தது. அங்கே பேசியது குழல் மட்டுமல்ல. கிணறு, சேறு, குவியல், பக்கத்துக் கோட்டை எல்லாம் சேர்ந்து பேசின. நாங்களோ குழலைப் பிடுங்கினோம், குழியை மூடினோம். எந்த மண்ணடுக்கு, கூட என்ன கிடந்தது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளவில்லை.

அதைவிட மோசமான வேலையை நான் செய்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து புளி போட்டுத் தேய்த்தேன். உள்ளிருந்த கரிய பொருக்கு சாக்கடையில் போயிற்று. அதில் மருந்து மிச்சமிருந்திருந்தால் ஆபத்து என்பதுகூட அப்போது தோன்றவில்லை. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் ராக்கெட்டிலும் உண்டு, கோயில் வேட்டிலும் உண்டு. ஆகவே அந்தப் பொருக்கு மட்டுமே வழக்கைத் தீர்த்திருக்காது. ஆனால் ஒரு சாட்சியை நானே அழித்தேன்.

துரு போனபின் தெரிந்தது: அடைத்த முனைக்குச் சற்று மேலே, பக்கவாட்டில், ஒரு சின்னத் துளை. சுவரோ விரல் கனம். ராக்கெட் பறக்க வேண்டியது. அதன் குழல் இலேசான தகடு, நெருப்பு பின்முனை வழியே சீற வேண்டும். பக்கத்தில் துளையிட்டால் அது நேராகப் போகாது. நிற்கவைத்துத் திரி வைக்கிற குழலுக்குத்தான் பக்கத் துளையும் கனத்த சுவரும் வேண்டும். பாட்டி சொன்னது சரி.

நண்பருக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப ஒண்ணுமில்லையா?" என்றார். இந்த "ஒண்ணுமில்லை" தான் என்னை யோசிக்கவைத்தது. போர்க்கருவியானால் வரலாறு, மலைக்காரர் நோம்பிக்கு வெடித்தது என்றால் ஒன்றுமில்லை. யார் கொன்றார்கள் என்பதைக் காப்பதற்கு நமக்கு அருங்காட்சியகங்கள் உண்டு. யார் கூடிக் கொண்டாடினார்கள் என்பதற்கு ஒரு பாட்டியின் ஞாபகம் மட்டும். திப்புவை இன்று தூக்குகிறவர்களும் தூற்றுகிறவர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள்: வரலாறு என்பது மன்னர்களின் ஆயுதசாலை.

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டம் உடைமையைக் கேட்கிறது. அர்த்தத்தை யாரிடம் கேட்பது என்று அது சொல்வதில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டு, குழலை அந்த ஊருக்கே திருப்பிக் கொண்டுபோனோம். டிடெக்டரை எடுத்துப்போகவில்லை.

பாட்டி வாங்கிப் பார்த்தார். "ஏஞ்சாமி இப்புடிப் பளபளன்னு தேச்சுப்புட்டீங்க" என்றார்.