வலுசக்தி மதிப்பீட்டாளர்கள் வன்னியிலிருந்தும் உருவாக வேண்டும்

மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டபோது, குடும்பத் தலைவர்கள் மட்டுமன்றிப் பள்ளிவாசல், கோவில், தேவாலய நிர்வாகங்களும் திகைத்து நின்றதை யாவரும் அறிவர். கட்டணம் பின்னர் பல தடவைகள் மாற்றியமைக்கப்பட்டது. ஆயினும், மின்சாரம் எங்கே வீணாகிறது என்ற கேள்வியை நாம் இன்னும் முறையாகக் கேட்கவில்லை. அதற்கு விடை காண்பவரே கட்டிட வலுசக்தி மதிப்பீட்டாளர்.

அவர் முதலில் 12 மாத மின்பட்டியல்களை ஆராய்வார். பின்னர் கூரை, சுவர், யன்னல், கட்டிடம் நோக்கும் திசை, விளக்குகள், குளிரூட்டிகள் ஆகியவற்றை அளந்து, எந்த மாற்றத்துக்கு எவ்வளவு செலவாகும், அச்செலவு எத்தனை மாதத்தில் மீளும் என்று அறிக்கை தருவார். ஓர் உதாரணம்: நாளொன்றுக்கு 8 மணி நேரம் சுழலும் 75 வாற்று மின்விசிறிகள் பத்துக்குப் பதிலாக 30 வாற்று விசிறிகளைப் பொருத்தினால், மாதம் 108 அலகுகள் மீதமாகும். வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றுவோருக்கு இக்கணக்கின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இத்தொழிலுக்கான தகைமை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இந்தியாவில் 2001ஆம் ஆண்டின் வலுசக்திப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தேசியப் பரீட்சை நடத்தப்படுகிறது. கணக்காய்வாளராக விரும்புவோர் நான்கு வினாத்தாள்களில் சித்தியடைய வேண்டும். தொழில் அனுபவமும் அவசியம். இங்கிலாந்தில் 2007 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ 'ஏ' முதல் 'ஜி' வரை தரமிடும் சான்றிதழ் தேவை. அதனை வழங்கும் வீட்டு மதிப்பீட்டாளருக்குப் பட்டம் கட்டாயமன்று. டிப்ளோமாப் பயிற்சியும் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பில் பதிவும் போதுமானவை.

நமது நாட்டில், 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கை நிலைபெறுதகு வலுசக்தி அதிகார சபையே இத்துறைக்குப் பொறுப்பானது. வலுசக்தி முகாமையாளர், கணக்காய்வாளர் ஆகியோருக்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் பெரும் ஆலைகளையும் விடுதிகளையும் கருதி வகுக்கப்பட்ட ஏற்பாட்டின் பயன் சாதாரண கட்டிடங்களுக்கும் வந்து சேர வேண்டாமா?

யுத்தத்தின் பின்னர் வன்னியில் ஆயிரக்கணக்கான வீடுகளும் பாடசாலைகளும் பணிமனைகளும் எழுந்தன. அவற்றுட் பல நண்பகலில் உள்ளிருக்க இயலாதவாறு வெப்பத்தை வாங்குகின்றன. 2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் முன்மொழியப்பட்டபோது, அவை நமது காலநிலைக்கு ஒவ்வாதவை என்ற எதிர்ப்பு எழுந்ததை நாம் மறந்துவிடலாகாது. அத்தகைய வாதங்களை அளவீடுகளுடன் முன்வைக்க இப்பிரதேசத்திலேயே வல்லுநர்கள் வேண்டும்.

அவர்களை உருவாக்கும் வாய்ப்பும் இங்கேயே உண்டு. 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பக் கற்கைகள் பீடம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இயங்குகின்றன. அதிகார சபை இவற்றுடன் கைகோத்து, தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழுடன் கூடிய குறுங்காலப் பயிற்சியைத் தமிழ் மொழியிலும் வழங்க வேண்டும். மின்னிணைப்பாளராகவும் படவரைஞராகவும் பணிபுரியும் நம் இளைஞர், யுவதிகளுக்கு அது புதிய வாயிலைத் திறக்கும்.

பயிற்சி பெற்று வருவோருக்கு வேலை கொடுக்கும் கடமை நம்முடையது. நகரத்துப் பள்ளிவாசல்களும் கோவில்களும் பாடசாலைகளும் தமது கட்டிடங்களை முதலில் அவர்களிடம் ஒப்படைக்கட்டும். மின்பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதிலும் அதுவே மேல்.