தட்டை முதுகு மாண்டலின்

ஒலித்துளைக்குள் எட்டிப் பார்த்தால் மங்கிய தாள் ஒன்று தென்படும். சுசுகி வயலின் நிறுவனம், நகோயா, ஜப்பான் என்று அதில் அச்சிட்டிருக்கும். 1960களிலும் 70களிலும் கடல்கடந்து விற்பனைக்குச் சென்ற தட்டை முதுகு மாண்டலின்கள் சில, இந்த அடையாளத்தோடு இன்றும் பழம்பொருட் கடைகளில் கிடைக்கின்றன. மலிவுச் சரக்கு என்ற பெயர் அவற்றை விட்டு நீங்கவில்லை. பழுது நீக்க ஆகும் கூலி கருவியின் விலையையே மிஞ்சிவிடுவதும் உண்டு. பிறகு ஏன் அதைச் செப்பனிட வேண்டும்?

நிறுவனத்தைத் தொடங்கிய மசாகிச்சி சுசுகி (1859–1944), ஷாமிசென் என்னும் மூன்று தந்திக் கருவி செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். 1887 வாக்கில் வயலின் ஒன்றைக் கண்டு, அதைப் பார்த்தே தாமும் ஒன்றைச் செய்தார். முதல் உலகப்போரில் ஜெர்மானியக் கருவிகளின் வரத்து நின்றபோது சந்தை நகோயாவின் பக்கம் திரும்பியது. (கற்பிக்கும் முறையால் புகழ்பெற்ற ஷினிச்சி சுசுகி இவருடைய மகன்.)

ஜப்பானியர் பெரிதும் நேசித்த மாண்டலினோ வேறு. அது நேப்பிள்ஸ் நகரத்து வடிவம். பாதியாக வெட்டிய பூசணிபோல் குவிந்த முதுகு. நவீன ஜப்பானியக் கவிதையின் முன்னோடியான ஹகிவாரா சகுதாரோ, 1917இல் 'நிலவை நோக்கிக் குரைத்தல்' தொகுப்பை வெளியிட்டவர், மாண்டலின் வாசிப்பவரும்கூட. சொந்த ஊரான மயேபாஷியில் இசைக்குழு ஒன்றையும் நடத்தினார். இத்தாலிய மேதை ரஃபாயேலே கலாச்சே 1920களின் நடுவில் ஜப்பான் சென்று வாசித்தார். கவிஞரும் மேதையும் உலவும் இந்த வரலாற்றில் தட்டை முதுகுக்கு இடம் குறைவு. வளைத்த மரப்பட்டிகளை ஒவ்வொன்றாக ஒட்டிச் சேர்க்கும் நுண்வேலை அதற்கு வேண்டியதில்லை. ஆகவே விலையும் குறைவு, மதிப்பும் குறைவு. அதைச் செய்த கைகளுக்குப் பெயரும் இல்லை. அந்தக் கைகளின் வேலைக்கு மிஞ்சியுள்ள சான்று கருவிதான். அது ஒலித்தால்தான் சான்று.

எட்டு எஃகுத் தந்திகளின் இழுவிசை சுமார் 70 கிலோ. பல ஆண்டுகள் அதைத் தாங்கிய கழுத்து முன்னோக்கி வளைந்திருக்கலாம், மேற்பலகை குழிந்திருக்கலாம். இவ்விரண்டையும் பார்த்த பிறகே தேய்ந்த மெட்டுகளைச் சமன்செய்வதும், இறுகிய முறுக்காணிகளுக்கு எண்ணெயிடுவதும். மெல்லிய தந்திகளே பூட்டத் தக்கவை. ஒட்டுப்பலகையில் செய்தவற்றில் நாதம் சற்று ஒடுங்கியே வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் புது மெருகு பூசுவதை மட்டும் என்னால் ஏற்க இயலாது. மீட்டுக்கட்டை உரசிய கீறல்கள், முன்பு வாசித்தவர் எழுதிவைத்துப் போன ஒரே குறிப்பு.

குதிரையை ஒட்டுவதில்லை, தந்திகளின் அழுத்தமே அதை நிறுத்துகிறது. மேல்முனையிலிருந்து 12ஆம் மெட்டுவரை உள்ள தொலைவை அதற்கப்பால் மீண்டும் அளந்து, தடித்த தந்திகளின் பக்கம் ஓர் இம்மி கூட்டி அதை நிறுத்த வேண்டும். பிறகு இரண்டிரண்டாகச் சுருதி கூட்டலாம். நான்கு இணைகளும் வயலினின் நான்கு தந்திகளுக்குரிய அதே சுருதிகளில்தான் நிற்கின்றன.