16 பேர் வீடு திரும்பாத மேட்ச்

எங்கள் தெருமுனையில் ஒரு பிரிண்டிங் பட்டறை இருக்கிறது. ஐ.பி.எல். வந்துவிட்டால் அங்கே ராத்திரி பகல் என்று பார்க்காமல் வேலை நடக்கும். வெள்ளை பாலியஸ்டர் துணி ரோல் ரோலாக வந்து இறங்கும். கொஞ்சம் மஞ்சள் ஜெர்சியாகும், கொஞ்சம் சிவப்பு ஜெர்சியாகும். "ரெண்டுக்கும் ஒரே துணிதானுங்களாண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன். "பின்னே? துணிக்கென்ன தம்பி தெரியும், அது எந்த டீமுன்னு?" என்று சிரித்தார் பட்டறைக்கார அண்ணா.

2025 ஜூன் மாதம் அந்தப் பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. ஜூன் 4-ம் தேதி பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம் வாசலில், ஆர்.சி.பி. வெற்றி விழா நெரிசலில் 11 பேர் இறந்துபோனார்கள். அதில் ஒருவர் நம் திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர். மறுநாள் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது நண்பன் ஒருவன், "கூட்டத்துக்கு அறிவு வேண்டாமாடா? ஒரு கப்பைப் பாக்கறதுக்கு உசுரையா குடுப்பாங்க?" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன்.

அப்புறம்தான் இந்த மாதிரி சம்பவங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அன்றைக்குத் தலையாட்டியது தப்பு என்று தோன்றியது. முழுத் தப்பா, பாதித் தப்பா? அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ஹில்சாவா, இறாலா?

கிரிக்கெட்டைத் தவிர வேறு எதுவும் பார்க்காத நம்மில் பலருக்கு, இந்தியாவின் மிகப் பழைய ரசிகர் பகைகளில் ஒன்று கால்பந்தில் இருக்கிறது என்பதே தெரியாது. கொல்கத்தாவின் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும்தான் அந்த இரண்டு அணிகள்.

மோகன் பகான் 1889-ல் தொடங்கப்பட்ட கிளப். 1911-ல் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற ஆங்கிலேயப் பட்டாள அணியை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றது. ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலோடு ஆடி ஜெயித்தார்கள். வெள்ளைக்காரனை அவன் விளையாட்டிலேயே வென்ற அணி என்ற பெருமை இன்றைக்கும் அந்தக் கிளப்புக்கு உண்டு. ஈஸ்ட் பெங்கால் 1920-ல் வந்தது. கிழக்கு வங்காளத்துக்காரர்களை மதிப்பதில்லை என்ற மனக்குறையில் பிறந்த கிளப் அது. 1947 பிரிவினைக்குப் பிறகு கிழக்கிலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தபோது, வீடு வாசலை இழந்து வந்தவர்கள் 'இது நம்முடையது' என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒரு சிவப்பு-மஞ்சள் ஜெர்சி இருந்தது.

ஆக, இது வெறும் பந்தாட்டப் பகை இல்லை. உள்ளூர்க்காரனுக்கும் வந்து சேர்ந்தவனுக்கும் இடையிலான பகை. பேச்சு வழக்கு, சமையல், கல்யாண சம்பந்தம் வரைக்கும் போகும். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன் விலை ஏறும், மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். வேலை தேடி வந்து குடியேறியவர்களால் வளர்ந்த திருப்பூரில் இருக்கும் நமக்கு இது புரிவது கஷ்டமில்லை.

ஆனால் வேடிக்கை எப்போதும் வேடிக்கையாகவே இருந்துவிடவில்லை. 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று ஜெயித்தது. அந்தத் தோல்வியைத் தாங்க முடியாமல் மோகன் பகான் ரசிகர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1980 ஆகஸ்ட் 16

ஐந்து வருஷம் கழித்து, கல்கத்தா லீக் போட்டியில் இரண்டு அணிகளும் மோதின. இடம் ஈடன் கார்டன்ஸ். ஆமாம், நமக்கெல்லாம் தெரிந்த அதே கிரிக்கெட் மைதானம்தான். இரண்டு அணி ரசிகர்களையும் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒரே கேலரியில் உட்கார வைத்திருந்தார்கள்.

இரண்டாம் பாதியில் ஈஸ்ட் பெங்கால் வீரர் திலீப் பாலித், மோகன் பகானின் பிதேஷ் போஸை ஃபவுல் செய்தார். பிதேஷ் திருப்பித் தாக்கினார். நடுவர் இருவருக்கும் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பினார். மைதானத்தில் விஷயம் அத்தோடு முடிந்தது. கேலரியில் முடியவில்லை. ரசிகர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். கற்கள் பறந்தன. சண்டையில் சம்பந்தமே இல்லாதவர்களும் தப்பிக்க ஓடினார்கள். நெரிசலில் மிதிபட்டு 16 பேர் இறந்தார்கள். மேட்ச் பார்க்கப் போன சாதாரண ரசிகர்கள். கீழே ஆட்டம் தொடர்ந்து நடந்து, கோல் எதுவும் இல்லாமல் முடிந்தது. மேலே என்ன நடந்தது என்பது ஆடியவர்களுக்கே பிறகுதான் தெரிந்தது.

இதை எப்படித் தீர்ப்புச் சொல்வது? "காட்டுமிராண்டி ரசிகர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சண்டையை யார் தொடங்கியது என்பது முதல் கேள்வி. சண்டை ஏன் 16 சாவாக மாறியது என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்குப் பதில் ரசிகர்கள்தான். அதில் மழுப்ப ஒன்றுமில்லை. கல் தானாக எழுந்து பறக்காது. ஆனால் இரண்டாவது கேள்விக்குப் பதில் வேறு. அறுபது வருஷமாக முட்டிக்கொள்ளும் இரண்டு கூட்டத்தை ஒரே கேலரியில் உட்கார வைத்தது ரசிகன் இல்லை. அவன் டிக்கெட்டில் போட்ட இடத்தில் போய் உட்கார்ந்தான், அவ்வளவுதான்.

ஒரே ரசிகர்கள், இரண்டு சம்பவங்கள்

இந்த இரண்டு கேள்விகளையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் லிவர்பூல் அணி ரசிகர்களின் கதையைப் பாருங்கள்.

1985 மே 29, பெல்ஜியத்தின் ஹெய்சல் ஸ்டேடியம். ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் தொடங்கும் முன், லிவர்பூல் ரசிகர்கள் பக்கத்துப் பகுதியில் இருந்த யுவென்டஸ் ரசிகர்கள் மேல் பாய்ந்தார்கள். பின்வாங்கியவர்கள் நெருக்க, சுவர் இடிந்து விழுந்தது. 39 பேர் இறந்தார்கள். 14 லிவர்பூல் ரசிகர்களுக்குத் தண்டனை கிடைத்தது. அத்தோடு நிற்காமல், பாழடைந்த மைதானத்தில் ஆட்டத்தை நடத்தியதற்கும் பாதுகாப்பில் கோட்டை விட்டதற்கும் பெல்ஜியக் கால்பந்து நிர்வாகி ஒருவரும் போலீஸ் அதிகாரி ஒருவரும்கூடத் தண்டிக்கப்பட்டார்கள். இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்தார்கள் என்று சொல்லலாம்.

நான்கு வருஷம் கழித்து, 1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ ஸ்டேடியம். மறுபடியும் லிவர்பூல் ரசிகர்கள். வெளியே கூட்டம் முட்டியதும், போலீஸ் அதிகாரியின் உத்தரவின்பேரில் ஒரு வெளியேறும் கேட்டைத் திறந்துவிட்டார்கள். ஏற்கெனவே நிரம்பி வழிந்த, முன்னால் கம்பி வேலி போட்ட நடுப்பகுதிக்குள் அத்தனை பேரும் போய்ச் சிக்கினார்கள். 97 பேர் உயிர் போனது. அதில் கடைசி ஆள் 32 வருஷம் கழித்து, 2021-ல் இறந்தார்.

"ரசிகர்களே கேட்டை உடைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்" என்று பொறுப்பில் இருந்த போலீஸ் அதிகாரி அன்றே பொய் சொன்னார். குடித்துவிட்டு வந்தார்கள், பிணத்திடம் திருடினார்கள் என்று பத்திரிகையில் செய்தி வந்தது. ஊரும் நம்பியது. ஏன் நம்பியது? ஹெய்சலில் அடித்தவர்கள்தானே, இங்கேயும் அவர்கள்தான் செய்திருப்பார்கள் என்ற எண்ணம்! ஒரு இடத்தில் செய்த உண்மையான தப்பு, இன்னொரு இடத்தில் சொன்ன பொய்க்குச் சாட்சியாகிவிட்டது.

போலீஸ்காரர்களின் 164 வாக்குமூலங்கள் பெரிய அளவில் திருத்தப்பட்டிருந்ததை 2012-ல் வெளிவந்த சுயாதீனக் குழுவின் அறிக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2016-ல்தான், 27 வருஷம் கழித்து, ரசிகர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று நடுவர் குழு சொன்னது. அந்த அதிகாரியோ 2019-ல் விடுதலையாகிவிட்டார். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் 27 வருஷம் "உன் பிள்ளை ரவுடி" என்ற பேச்சையும் சுமந்தார்கள். கூட்டத்தின் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம், அதைத் துடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள்.

எதிரியே இல்லாத மைதானம்

இதற்கு நேர் உதாரணம் இந்தோனேசியா. 2022 அக்டோபர் 1, மலாங் பகுதியின் கஞ்சுருஹான் ஸ்டேடியம். அரேமா அணிக்கும் பெர்செபாயா அணிக்கும் தீராத பகை. அதனால் பெர்செபாயா ரசிகர்களை மைதானத்துக்கே வரவிடவில்லை. சொந்த ஊரில் அரேமா தோற்றதும் ரசிகர்கள் சிலர் மைதானத்துக்குள் இறங்கினார்கள். போலீஸ் கண்ணீர்ப் புகைக்குண்டு வீசியது, கேலரியை நோக்கியும்! ஸ்டேடியத்துக்குள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது ஃபிஃபா விதி. புகைக்குப் பயந்து குறுகிய வாசல்களை நோக்கி ஓடியவர்களில் 135 பேர் இறந்தார்கள். அடிக்க எதிரி ரசிகன் ஒருவன்கூட அங்கே இல்லை.

பெங்களூருவிலும் எதிரி இல்லை. எல்லோரும் ஒரே சிவப்பு ஜெர்சி. 18 வருஷம் காத்திருந்து கிடைத்த கோப்பை. சுமார் 35,000 பேர் கொள்ளும் மைதானத்தின் முன்னால் லட்சக்கணக்கானோர். முறையான அனுமதி இல்லாமல் சமூக ஊடகத்தில் அழைப்பு விடுத்த ஆர்.சி.பி. நிர்வாகமே இந்தக் கூட்டத்துக்குப் பொறுப்பு என்று தெரிகிறது என மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் 2025 ஜூலை 1-ல் சொன்னது. அரசாங்கமோ அதற்கு முன்பே நகர போலீஸ் கமிஷனரை சஸ்பெண்ட் செய்திருந்தது. ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். ஆனால் அழைத்தது யார், அனுமதித்தது யார், கேட்டைப் பூட்டியது யார் என்ற கேள்விகளாவது கேட்கப்பட்டன. எங்கள் டீக்கடையில் அந்தக் கேள்விகளை யாருமே கேட்கவில்லை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 1997 ஜூலை 13. அதே மோகன் பகான், அதே ஈஸ்ட் பெங்கால். கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. பார்க்க வந்தவர்கள் 1,31,000 பேர். பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது. பகை 1980-ல் இருந்ததைவிடக் குறைந்துவிடவில்லை. ஆனால் இந்த ஆட்டத்தை இன்றைக்கும் கோல்களுக்காகத்தான் பேசுகிறார்கள், பிணங்களுக்காக இல்லை. பெரிய கூட்டமும் பழைய பகையும் சேர்ந்தாலே சாவு நிச்சயம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ரசிகனின் பங்கு

அப்படியானால் ரசிகன் தப்பே செய்யாதவனா? இல்லை. 2012 டிசம்பர் 9-ல் இதே சால்ட் லேக்கில், மோகன் பகான் வீரர் ரஹீம் நபியின் முகத்தில் கேலரியிலிருந்து வந்த கல் பட்டது. அதற்கு எந்தக் கேட்டையும் குறை சொல்ல முடியாது. எறிந்த கைதான் பொறுப்பு. அந்தக் கை யாருடையது என்று கண்டுபிடித்துத் தண்டிக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயிரம் பேரையும் சேர்த்து 'கூட்டம்' என்று திட்டினால், எறிந்தவனும் தப்பிப்பான், கேட்டைப் பூட்டியவனும் தப்பிப்பான். என் நண்பன் சொன்னதில் எனக்கு இப்போது பிடிக்காதது இதுதான்.

கொல்கத்தாக்காரர்கள் அந்த 16 பேரை மறக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 16-ஐக் கால்பந்து ரசிகர்கள் தினமாக அனுசரிக்கிறார்கள். ரத்ததான முகாம் நடக்கிறது. வரிசையில் நிற்பவன் எந்த அணிக்காரன் என்று ஊசிக்குத் தெரியாது.

2024 ஆகஸ்ட் 18-ல் நடக்க வேண்டிய டூரண்ட் கோப்பை ஆட்டம் பாதுகாப்புக் காரணங்களால் ரத்தானது. ஆர்.ஜி. கர் மருத்துவமனைப் பெண் மருத்துவரின் கொலைக்கு நீதி கேட்டு நகரமே கொதித்துக்கொண்டிருந்த நேரம். மேட்ச் இல்லை என்றதும் ரசிகர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. மழையில் ஸ்டேடியம் வாசலில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஜெர்சிகள் ஒன்றாக நின்று நீதி கேட்டன. நூறு வருஷப் பகை உள்ளவர்கள்! அவர்களால் முடிகிறது.

பட்டறைக்கார அண்ணாவிடம் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்ப அந்தக் கேட்டுச் சாவி யாரு கையில இருந்துச்சுன்னு மொதல்ல கேளு தம்பி" என்றார். இனி டீக்கடையில் நான் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.

உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் தாராளமாகச் சண்டைக்கு வாருங்கள். கல்லை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும் :-)