மின்சாரம் இழந்த கார்: பழுது அறியும் முறையின் வரலாறு

சாவியைத் திருப்பியும் விளக்கு எரியவில்லை, ஹாரன் ஒலிக்கவில்லை, எஞ்சினும் அசையவில்லை என்றால் அந்தக் காரில் ‘கரண்ட் இல்லை’ என்பர் மெக்கானிக்குகள். காரில் மின்சாரத்தின் பங்கு பெருகப் பெருக, இப்பழுதின் தன்மையும் அதைக் கண்டறியும் முறையும் மாறிவந்துள்ளன.

தொடக்கக் காலம்

காரீய அமிலப் பேட்டரியை 1859இல் பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். ஆயினும் முதல் தலைமுறைக் கார்கள் பல பேட்டரி இல்லாமலே ஓடின. 1908இல் வெளிவந்த போர்டு ‘டி’ மாடலில் எஞ்சினோடு சுழலும் மேக்னெட்டோ தீப்பொறிக்கு மின்சாரம் தந்தது. ஓட்டுநர் முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றி எஞ்சினை இயக்கினார். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை எலும்பு முறியும். இந்த ஆபத்தை நீக்கியது சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர். அது 1912ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் இடம்பெற்றது. கைக்கு வேலை குறைந்தது. பேட்டரி தீர்ந்தால் கார் நின்றுவிடும் நிலையும் அன்றே தொடங்கியது.

தமிழ்நாட்டில்

டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் மதுரையில் தொடங்கிய நிறுவனம் தமிழ்நாட்டு மோட்டார் தொழிலுக்கு அடித்தளமிட்டவற்றுள் ஒன்று. 1961இல் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்துடன் கூட்டாக லூகாஸ் டி.வி.எஸ். உருவானது. சென்னை பாடியிலுள்ள அதன் ஆலையில் வாகனங்களுக்கான மின்பாகங்கள் செய்யப்பட்டன. ‘செல்ப் மோட்டார்’, ‘டைனமோ’, ‘கட்அவுட்’ ஆகிய சொற்கள் பட்டறைத் தமிழில் கலந்தன. அம்பாசடர் போன்ற பழைய கார்களில் கைப்பிடியும் உண்டு. பேட்டரி சோர்ந்தாலும் ஓட்டுநருக்கு வேறு வழி இருந்தது.

தர்மபுரியும் நெடுஞ்சாலையும்

சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2இல் தர்மபுரி மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதன் வழியே செல்லும் பெங்களூரு–சேலம் சாலை முன்பு தேசிய நெடுஞ்சாலை 7, இப்போது 44. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை ஓசூரும் தர்மபுரி மாவட்டத்திலேயே இருந்தது. அங்கு அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார் ஆலைகள் அமைந்தன. எக்சைடு நிறுவனத்தின் பேட்டரி ஆலைகளுள் ஒன்றும் ஓசூர்ப் பகுதியில் உள்ளது.

மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள தொப்பூர்க் கணவாய், விபத்துகளுக்குப் பேர்போன சரிவு. மின்சாரம் இல்லாத கார் இரவில் இங்கு நின்றால் அபாய விளக்கும் எரியாது. பின்னால் இறங்கிவரும் லாரிக்கு அது தெரியாது. ஆகவே பழுதைத் தேடுமுன் ஆட்களைச் சாலையோரத் தடுப்புக்கு அப்பால் அனுப்பி, எச்சரிக்கை முக்கோணத்தைத் தொலைவில் வைப்பதே முதல் வேலை. எஞ்சினை நிறுத்திவிட்டுச் சரிவில் உருட்டுவதும் கூடாது. எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை இல்லாமற்போகும். சாவியை எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

சோதனை முறை வளர்ந்த விதம்

பழைய பட்டறைகளில் ஹைட்ரோமீட்டரே முதன்மைக் கருவி. முழுதும் சார்ஜ் ஏறிய பேட்டரியின் அமில அடர்த்தி ஏறத்தாழ 1.27 முதல் 1.28 வரை காட்டும். அடுத்து வந்தது ஒரு பல்பும் இரு கம்பிகளும் கொண்ட டெஸ்ட் லேம்ப். பின்னர் மல்டிமீட்டர் பரவியது. ஓய்வில் உள்ள 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டினால் நல்ல நிலை. 12க்குக் கீழே இறங்கினால் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

கருவிகள் மாறினாலும் தேடும் வரிசை மாறவில்லை. விளக்கு மங்கி, ‘டிக் டிக்’ ஒலி மட்டும் வந்தால் பேட்டரி சோர்வு அல்லது தளர்ந்த இணைப்பு. விளக்கு பளிச்சென எரிந்தும் எஞ்சின் சுழலாவிட்டால் செல்ப் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். எதுவுமே இயங்காவிட்டால் பேட்டரி முனைகளில் படிந்த வெண்பச்சைப் பூச்சு, தளர்ந்த கவ்வி, அறுந்த எர்த் கம்பி, எரிந்த முதன்மை பியூஸ் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். புது பேட்டரி போட்டும் சில நாளில் தீர்ந்தால் குறை ஆல்டர்னேட்டரிலோ மின்கசிவிலோ இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் வராவிட்டால் சார்ஜ் ஏறவில்லை.

இன்றைய நிலை

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் புதிய வகைக் கார்கள் பெருகின, கைப்பிடி மறைந்தது. பின்னர் எரிபொருள் பம்பும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியும் மின்சாரத்தை நம்பின. அதனால் முற்றிலும் தீர்ந்த பேட்டரியோடு காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யும் பழைய வழக்கம் பெரும்பாலும் பயன் தருவதில்லை. மற்றொரு காரிலிருந்து மின்சாரம் எடுப்பதே வழி. நேர்முனைகளை இணைத்தபின், உதவும் காரின் எதிர்முனையிலிருந்து வரும் கம்பியை நின்ற காரின் எஞ்சின் உலோகத்தில் மாட்ட வேண்டும். பேட்டரியருகே தீப்பொறி எழுந்தால் அதிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வெடிக்கக்கூடும்.

தேய்ந்த பேட்டரியின் காரீயம் நஞ்சு. விற்பனையாளர் பழையதைத் திரும்பப் பெற வேண்டும் என 2001ஆம் ஆண்டின் இந்திய விதிகள் கூறின. அவற்றின் இடத்தில் 2022இல் புதிய பேட்டரிக் கழிவு விதிகள் வந்தன.